ஏழு வயது நிறையும் நாள்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
2 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய திரு. கமலநாதன் அவர்களுக்கு,

இங்கு நானும் தாமரையும் நலம். தங்கள் நலமும் அவ்வாறே என நம்புகிறேன்.

நேற்று மாலை கிள்ளான் கொமுட்டர் ரயில் நிலைய வாசலில் நாம் இருவரும் பேசிக்கொண்ட விதம் நமக்கு அழகன்று. நம் மகள் ஒரு கையால் தங்களையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். ஆகவே இனித் தொலைபேசியும் வேண்டாம், வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் வேண்டாம். சொல்ல வேண்டியதை எழுதியே சொல்வோம். எழுதும்போது கை சற்றுத் தாமதிக்கும். அந்தத் தாமதம் நமக்குத் தேவை.

கடிதத்தை அவள் பள்ளிப் பையில் வைத்து அனுப்பலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள். நான் வேலை செய்யும் அச்சுக் கடையின் திருமண அழைப்பிதழ்களைக்கூட விடுவதில்லை. எனவே இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தெரிவிக்க வேண்டிய செய்திகள் இரண்டு.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது தங்களுடன் வசிக்கும் அக்கா வள்ளியம்மா தாமரையிடம், "நவம்பர் வரட்டும். ஏழு முடிஞ்சா நீ அத்த வீட்டுப் புள்ள. ஒனக்குன்னு தனிக் கட்டில் வாங்கிப் போட்டாச்சு பாரு" என்று கூறியிருக்கிறார். குழந்தை அதை ஒரு சொல் பிசகாமல் என்னிடம் ஒப்பித்தாள். ஒப்பித்துவிட்டு, "கட்டில் நல்லாத்தான்மா இருக்கு" என்றும் சொன்னாள்.

அடுத்தது, நம் விவாகரத்துக்கான கூட்டு மனு. அதன் விதிகளை நானே தமிழில் வரைந்து தங்களிடம் கொடுத்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. தாங்கள் கையெழுத்திட்டால் பங்சாரில் உள்ள வழக்கறிஞர் அதை மலாயில் மாற்றித் தாக்கல் செய்துவிடுவார். பிரிவதற்கு ஒப்புக்கொள்ளும் முதல் பத்திக்கும், பராமரிப்புத் தொகை பற்றிய இரண்டாம் பத்திக்கும் தாங்கள் மறுப்புச் சொல்லவில்லை. தாமரை தாயுடன் வசிப்பாள், தந்தை ஒன்றுவிட்டு ஒரு வார இறுதியில் அழைத்துச் செல்லலாம் என்னும் மூன்றாம் பத்தியில் மட்டும் தங்கள் பேனா நின்றுவிட்டது. அது நவம்பர் 23-க்குள், அதாவது அவளுக்கு ஏழு வயது நிறையும் நாளுக்குள், கையெழுத்தாக வேண்டும்.

அதுவரை தாமரை இரவு தங்கக் கிள்ளானுக்கு வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கள் இங்கு வந்து பார்க்கலாம். சென்ற மூன்று மாதங்களில் தாங்கள் வருவதாகச் சொல்லி வராத ஞாயிறுகள் நான்கு என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

இப்படிக்கு,
புனிதா


கிள்ளான்
11 செப்டம்பர் 2024

புனிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை. தபால்காரர் வந்தபோது நான் துறைமுகத்தில் கிரேன் மேலே உட்கார்ந்திருந்தேன், அக்கா கடைக்குப் போயிருந்தாள். அவர் கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஷிப்ட் முடிந்து, குளிக்காமல்கூட, தபால் நிலையத்தில் எண் எடுத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தேன். கௌண்டரில் இருந்த பெண், "கோர்ட் லெட்டரா அங்கிள்?" என்று கேட்டாள். "இல்லம்மா, வீட்டு லெட்டர்" என்றேன். பாவமாகப் பார்த்தாள். அடுத்த முறை சாதாரண தபால்தலை ஒட்டு.

எட்டு வருஷம் 'ஏங்க' என்று கூப்பிட்டவள் இப்போது 'தாங்கள்' என்று எழுதுகிறாய். மந்திரிக்கு மனுப் போட்ட மாதிரி இருக்கிறது. என் எழுத்துத் தமிழ் ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டது. நீ மூன்றாம் படிவத்தில் பள்ளியை விட்டுவிட்டு அதற்கப்புறம் தானாகப் படித்துக்கொண்டே போனவள். உன் அளவுக்கு எனக்கு வராது. பிழை இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பாதே.

அக்கா சொன்னது உண்மை. அவள் வாய் உனக்குத் தெரியும். கட்டில் வாங்கியதும் உண்மை. என்னிடம் கேட்டு வாங்கவில்லை.

மூன்றாம் பத்தியை மட்டும் இப்போது கேட்காதே. தீபாவளி போகட்டும், பிறந்தநாள் போகட்டும். அப்புறம் பார்க்கலாம். என்னோடு வேலை செய்யும் லோகன் சொல்கிறான், ஏழு வயது வரைதான் அம்மா, அதற்கு மேல் பிள்ளை அப்பாவின் பொறுப்பு, சட்டமே அப்படித்தான் என்று. அவன் மகளும் ஏழு வயதில்தான் அவனிடம் வந்தாளாம். சட்டம் அப்படி இருக்கும்போது நாம் இரண்டு பேரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் மாறிவிடுமா?

ராத்திரி தங்குவதை நிறுத்தாதே. அவள் பல் துலக்கும் பிரஷ் இங்கே தனியாக நிற்கிறது.

கமலநாதன்


காஜாங்
17 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய திரு. கமலநாதன் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தின் பொருள் எனக்கு ஐயமற விளங்கிவிட்டது. பிறந்தநாள் கடக்கும்வரை காத்திருக்கிறீர்கள். அதன்பின் சட்டம் தங்கள் பக்கம் வந்துவிடும் என்பது தங்கள் எதிர்பார்ப்பு.

லோகன் சொன்னதை நான் செவிவழியாக ஏற்கவில்லை. எவரிடமும் போய் விளக்கம் கேட்டு நிற்கும் வழக்கமும் எனக்கில்லை. கடைக் கணினியில் திருமண, விவாகரத்துச் சட்டத்தின் எண்பத்தெட்டாம் பிரிவைத் தேடி எடுத்தேன். கையில் ஒரு திருமண அழைப்பிதழும் ஒரு கருமக்கிரியை அறிவிப்பும் அவசரமாக இருந்தன. அவற்றுக்கிடையில், அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாசித்தேன். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே அதன் நன்மைக்கு உகந்தது எனக் கருதப்படும் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

பதினான்கு ஆண்டுகளாக முகூர்த்த நேரம் அச்சிடுபவள் நான். காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள் என்று அச்சிட்டால், பத்தரைக்கு மேல் தாலி கட்டக்கூடாது என்றுதான் பொருள். ஏழு வயது வரை தாய் என்று சட்டம் எழுதினால், அதற்கு மேல் தாய் இல்லை என்றுதான் பொருள். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

பள்ளி விடுமுறை என்பதால் தாமரையுடன் காஜாங்கில் என் தங்கை மலர்விழியின் வீட்டில் தங்கியிருக்கிறேன். வரும் ஞாயிறு தாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வர வேண்டியதில்லை. இங்குள்ள பள்ளியில் முதலாம் ஆண்டில் இடம் உண்டா என்று விசாரித்திருக்கிறேன். அச்சகங்கள் காஜாங்கிலும் உண்டு.

பிறந்தநாளைக் கொண்டாட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

புனிதா


கிள்ளான்
25 செப்டம்பர் 2024

புனிதா,

ஞாயிற்றுக்கிழமை வராதே என்று நீ எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் ஞாயிறே வந்து நின்றுவிட்டேன்.

லோகனிடம் கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தேன். லிப்ட் வேலை செய்யவில்லை. ஆறு மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். எதிர்வீட்டு ஆன்டி கதவைத் திறந்து, "அவங்க காஜாங் போயிட்டாங்களே தம்பி, பெரிய பெட்டியோட" என்றார். பெரிய பெட்டி என்பதைக் கை விரித்து வேறு காட்டினார். கடையில் மூன்று பொட்டலம் நாசி லெமாக் சோறு தப்பாவ் கட்டி வாங்கி வந்திருந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்றைச் சாப்பிட்டேன். மிச்சம் இரண்டையும் அந்த ஆன்டியிடம் கொடுத்தேன்.

என் மகள் எங்கே இருக்கிறாள் என்பதை எதிர்வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி வைத்துவிட்டாய். நீ பள்ளியை மாற்றினால் நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். மூன்றாம் பத்தி மட்டுமல்ல, முதல் பத்தியும் இல்லை. அப்புறம் நீ எத்தனை சட்டம் வேண்டுமானாலும் அகராதி வைத்துப் படி.

தேதிக்காக நான் காத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். காத்திருப்பது வேறு, பயந்துகொண்டிருப்பது வேறு. உனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

இதற்கு மேல் எழுதினால் வேறு ஏதாவது எழுதிவிடுவேன்.

கமலநாதன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
1 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய திரு. கமலநாதன் அவர்களுக்கு,

தாங்கள் படிக்கட்டில் அமர்ந்திருந்த அதே ஞாயிறு மாலை நாங்கள் வீடு திரும்பினோம். எதிர்வீட்டு அம்மையார் சொல்லித்தான் அறிந்தேன். நாசி லெமாக் நன்றாக இருந்தது என்றும் தெரிவிக்கச் சொன்னார்.

தங்களுக்கு உரிய காலத்தில் அறிவிக்காமல் குழந்தையை அழைத்துச் சென்றது முறையன்று. அதற்காக வருந்துகிறேன். இந்த வரியை எழுத எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன.

பள்ளியை மாற்றவில்லை. காஜாங் சென்ற முதல் நாளே தாமரை மலர்விழியிடம், "சித்தி, அப்பாவுக்கு இந்த வீடு தெரியாதே. எப்படி வருவாங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்காம் நாள் மலர்விழி என்னிடம், "அக்கா, நீ எழுதுற லெட்டர்லாம் நல்லாத்தான் இருக்கு. புள்ளய கொஞ்சம் பாரு" என்றாள். என் தங்கை இதுவரை என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

தங்கள் கடிதத்தில் ஒரு வரியை என்னால் கடந்துபோக இயலவில்லை. பயந்துகொண்டிருப்பது வேறு என்று எழுதியிருக்கிறீர்கள். நம் இருவரில் அஞ்சுவதற்குக் காரணம் உள்ளவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். தாங்கள் எதற்கு அஞ்சுகிறீர்கள்?

புனிதா


கிள்ளான்
8 அக்டோபர் 2024

புனிதா,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நான்காவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

என் ரோஸ்டர் உனக்குத் தெரியும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. அந்த இரண்டு நாள் வாரத்தில் எங்கே விழும் என்று ரோஸ்டரைப் பார்த்தால்தான் தெரியும். எனக்குச் சனி, ஞாயிறு என்று ஒன்று கிடையாது. நான் வராத நான்கு ஞாயிறும் நான் கிரேன் மேலே இருந்த ஞாயிறு. நீ 'ஒன்றுவிட்டு ஒரு வார இறுதி' என்று எழுதியபோது அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சாக்கு என்பாய் என்று விட்டுவிட்டேன்.

இப்போது யோசி. ஏழு வயது முடிந்தால் சட்டம் தாமரையைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிடும். யார் பார்ப்பது? நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். அக்காதான் வளர்க்க வேண்டும். ஆத்தா வேலைக்குப் போனதால் அக்காதான் என்னை வளர்த்தாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் வளர்த்தால் தாமரை எப்படி ஆவாள் என்று எனக்குத் தெரியும். நானே சாட்சி.

எனக்கு ஜடை பின்னத் தெரியாது. அவள் கடைசியாக இங்கே வந்தபோது பின்னிப் பார்த்தேன். "அப்பா, இது ரோப்" என்றாள். பெரியவளானால் அதற்கெல்லாம் யாரைக் கேட்பேன்? உன்னிடம் போன் பண்ணிக் கேட்டால் நீ பதிவுத் தபாலில் பதில் போடுவாய்.

அப்படியென்றால் மூன்றாம் பத்தியில் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று கேட்பாய். இரண்டு காரணம். அவள் அம்மாவிடம் இருக்கட்டும் என்று நான் என் கையால் எழுதிக்கொடுத்தால், பெற்ற மகளை எழுதிக்கொடுத்தவன் என்று ஆகிவிடும். நாளைக்கு அவளே பெரியவளாகி அந்தக் காகிதத்தைப் பார்ப்பாள். அப்படியே போட்டாலும் சட்டம் அதை ஏற்காது என்று லோகன் சொன்னான். அதனால் போடவும் முடியவில்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை. தள்ளிப்போட்டேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த இருபத்து மூன்றாம் தேதி வரவே கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மகளுக்குப் பிறந்தநாள் வரக்கூடாது என்று நினைக்கிற அப்பன்.

கமலநாதன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
21 அக்டோபர் 2024

அன்புள்ள தாமரையின் தந்தைக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை எனக்குச் சினமே வந்தது. நான் எந்தக் குழந்தையைப் பறிகொடுத்துவிடுவேனோ என்று உறக்கமின்றி இருந்தேனோ, அந்தக் குழந்தை வந்துவிடுமோ என்று ஒருவர் அஞ்சிக்கொண்டிருந்தாராம். இரண்டாம் முறை வாசித்தபோது ஜடை பின்னிய பத்தியில் நின்றுவிட்டேன். அது கயிறு என்பதைத் தாமரை என்னிடமும் சொல்லியிருந்தாள். மூன்றாம் முறை வாசித்து முடித்ததும் கடை முதலாளியிடம் அரைநாள் விடுப்புக் கேட்டுப் பங்சாருக்குச் சென்றேன்.

வழக்கறிஞர் கனகேஸ்வரியிடம் மனுவைத் தாக்கல் செய்யக் கொடுப்பதாகத்தான் இருந்தேனே தவிர, கேள்வி கேட்பதாக இல்லை. அன்று கேட்டேன். அவருக்கு அறுபது வயதிருக்கும்; யாழ்ப்பாணத் தமிழ் பேசுபவர். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு நான் சொன்னவற்றை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். முகூர்த்த நேர உதாரணத்தையும் சொன்னேன்.

"அப்போ ஏழாவது பர்த்டேக்கு மறுநாள் கோர்ட்டில இருந்து வேன் வந்து பிள்ளைய ஏத்திக்கொண்டு போகும், அப்படித்தானே நினைச்சனீங்கள்?" என்றார்.

தலையசைத்தேன்.

"வேன் ஒண்டும் வராது லா. நீங்க படிச்ச அந்த வரிய முடிவு வரைக்கும் படிச்சனீங்களா?"

அச்சுக்குப் போகும் எந்தத் தாளையும் கடைசிப் புள்ளிவரை பார்க்காமல் அனுப்பியதில்லை என்பது என் தொழிலில் எனக்குள்ள ஒரே பெருமை. அவர் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பது நலம் என்னும் வரி அங்கே முடியவில்லை. பிள்ளையை ஓரிடத்திலிருந்து பெயர்த்து மற்றோர் இடத்தில் வைத்து அதன் வாழ்க்கையைக் குலைப்பது விரும்பத்தக்கதன்று என்பதை நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே வாக்கியம் தொடர்கிறது. அந்தப் பின்பாதி கடைக் கணினியில் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது. அச்சத்தில் நான் அடுத்த பக்கத்தைத் திறக்கவே இல்லை.

அவர் கூறியவற்றைத் தங்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஏழு வயது என்பது தாய்க்கு முடிவு அன்று. தந்தைக்குத் தொடக்கமும் அன்று. அதுவரை தாய்க்குச் சாதகமாக ஓர் அனுமானம் உண்டு, அதுவும் மறுக்கத்தக்கதே. அதன்பின் அந்த அனுமானம் மட்டுமே இல்லாமல் போகும், வேறெதுவும் தானாக மாறாது. எந்த வயதிலும் நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையின் நலனை. பெற்றோரின் விருப்பத்தையும் கேட்கும். குழந்தை தன் மனத்தைத் தானே சொல்லும் பக்குவம் அடைந்திருந்தால் அவள் விருப்பத்தையும் கேட்கும். நாம் இருவரும் இசைந்து எழுதுவதை நீதிபதி பார்த்து, குழந்தைக்கு அது நல்லது என்று மனநிறைவு கொண்டால், ஆணையாக்குவார்.

"பெற்ற மகளை எழுதிக்கொடுத்தவர் ஆகிவிடுவாரா?" என்று தங்கள் கேள்வியையும் கேட்டேன். தங்கள் கடிதத்தைக் காட்டவில்லை.

அவர் அப்போதுதான் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "தகப்பன் பிள்ளைய எழுதிக் கொடுக்க ஏலாதம்மா. அது வீட்டுப் பத்திரம் இல்ல. ரெண்டு பேரும் கார்டியன்தான். பிள்ளை ஆரோட இருந்தாலும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாத்திலயும் அவருக்கும் சொல்லு இருக்கு. அன்றாடம் பார்க்கிறது அம்மா, அவ்வளவுதான்."

பராமரிப்புத் தொகை தொடர்வது பொதுவாகப் பதினெட்டு வயது வரை. மேற்படிப்பு இருந்தால் அது முடியும் வரை. விவாகரத்து ஆணை பிறந்தபின் மூன்று மாதங்கள் கழித்து அது உறுதியாகும். இவற்றை நான் சரியாகவே அறிந்திருந்தேன் என்பதில் சிறு ஆறுதல்.

பங்சாரிலிருந்து நடந்தே வீடு திரும்பினேன். வழியில் ஒரு கடை வாசலில் நின்று, காரணமின்றி ஓர் இளநீர் குடித்தேன்.

மூன்றாம் பத்தியை மாற்றி எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். வார இறுதி என்னும் சொல்லை நீக்கிவிட்டேன். தந்தையின் பணி அட்டவணைப்படி வரும் ஓய்வு நாட்களில், அவை பள்ளி நாட்களானால் பள்ளி முடிந்தது முதல் இரவு எட்டு மணி வரை பிரிக்ஃபீல்ட்ஸில். பள்ளி இல்லாத நாட்களானால் கிள்ளானில் இரவு தங்குதலுடன் தாமரை தந்தையிடம் இருப்பாள். மாதந்தோறும் அட்டவணை வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பினால் போதும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

கையெழுத்துக்காகக் காத்திராமல் இரவு தங்குவது இந்த வாரமே மீண்டும் தொடங்கட்டும்.

தாங்கள் வராத நான்கு ஞாயிறுகளைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

புனிதா


கிள்ளான்
3 நவம்பர் 2024

புனிதா,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். மூன்று பத்தியிலும். மூன்றாவதில் கொஞ்சம் அழுத்திவிட்டேன், தாள் லேசாகக் கிழிந்திருக்கும். செல்லும் என்று நினைக்கிறேன்.

லோகனைப் பிடித்துக் கேட்டேன். "டேய், ஒன் மக எப்படிடா ஒன்கிட்ட வந்தா?"

"அவ அம்மா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாண்ணே. புள்ளய நீயே வெச்சுக்கன்னு எழுதிக் குடுத்துட்டா. கோர்ட்லயும் ஓகே சொல்லிட்டாங்க."

"அப்ப அந்த ஏழு வயசு?"

"அப்ப அவளுக்கு ஏழு வயசுண்ணே."

அவ்வளவுதான் விஷயம். இதை வைத்து இரண்டு மாதம் நான் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். கேண்டீனில் அவனுக்குத் தே தாரிக் டீ வாங்கிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அக்காவிடம் தீபாவளி அன்று மத்தியானம் சொன்னேன். வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு. சண்டை வரும் என்று தயாராகத்தான் இருந்தேன்.

"அப்ப புள்ள வராதா?" என்றாள்.

"வரும்க்கா. எனக்கு ஓய்வு வர்றப்ப வரும். இருக்கறது அம்மாகிட்ட."

முறுக்கு ஒன்றை எடுத்துக் கடித்தாள். "அப்ப பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடறது?"

"புனிதா பாத்துக்குவா."

"காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கறது?"

"வேண்டாம்க்கா."

"ஹோம்வொர்க்கு? மலாய்லலாம் குடுக்கறாங்களாமே."

"அதுவும் வேண்டாம்."

முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லடா" என்றாள். "இந்த முட்டிய வெச்சுக்கிட்டு எப்படி மாடி ஏறி எறங்கப்போறேன்னு மூணு மாசமா நெனச்சு நெனச்சு..."

"நீதானக்கா கட்டில் வாங்குன?"

"நீ கேட்டு நான் முடியாதுன்னு சொல்லிட்டா, ஒன் புள்ளய நான் வேணாங்கறேன்னு நெனப்பல்ல. அதான் நீ கேக்கறதுக்கு முன்னாலயே வாங்கிட்டேன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. உன்னிடம் சொல்லச் சொன்னாள், அவள் தாமரையிடம் பேசியது தப்புதான் என்று. நேரில் சொல்ல வெட்கமாம்.

நவம்பர் அட்டவணை வந்துவிட்டது. 23-ம் 24-ம் எனக்கு ஓய்வு. யாரிடமும் கெஞ்சவில்லை, தானாகவே விழுந்திருக்கிறது. பிறந்தநாளைக் கொண்டாடலாமா?

கமலநாதன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
23 நவம்பர் 2024, காலை

அன்புள்ள கமலநாதன் அவர்களுக்கு,

இதைத் தபாலில் அனுப்ப நேரமில்லை. நண்பகலில் தாமரையை அழைத்துச் செல்ல வரும்போது தங்கள் கையில் தருகிறேன். காரை எடுக்கும் முன் படித்துவிடுங்கள். அவள் எதிரில் படிக்க வேண்டாம்.

இன்று காலை அவளை எழுப்பச் சென்றேன். விழித்துத்தான் இருந்தாள். புத்தாடை நாற்காலியில் இருந்தது. அவள் எழவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "அம்மா, எனக்கு ஏழு ஆயிடுச்சா?" என்று கேட்டாள். ஆகிவிட்டது என்றேன். "சரி. என் பேக்ல எதெல்லாம் வெக்கணும்?" என்றாள்.

நாம் இருவரும் நம் அச்சத்தைக் கடிதம் எழுதித் தீர்த்துக்கொண்டோம். மனுவில் கையெழுத்திட்டு, தாக்கலும் செய்துவிட்டோம். அவளிடம் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அத்தை வீட்டுக் கட்டில் பற்றி ஆகஸ்ட் மாதம் கேட்டதை அவள் இன்றுவரை தன்னிடமே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மலர்விழி என்னிடம் பிள்ளையைப் பார் என்று சொன்னபோதும் நான் முழுமையாகப் பார்க்கவில்லை.

கட்டிலில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னேன். வீடு இதுதான், அப்பாவின் ஓய்வு நாட்களில் அப்பாவிடம், பள்ளி இல்லாத நாளானால் அங்கேயே தங்கலாம் என்று. சற்று யோசித்தாள். "எட்டு வயசு ஆனா?" என்றாள். எட்டு ஆனாலும் இப்படியே என்றேன். "ஒம்பது ஆனா?" ஒன்பது ஆனாலும். "பத்து?" பத்திலும். ஒவ்வொன்றாகப் பதினெட்டு வரை வந்தாள். பதினெட்டில் நீயே முடிவு செய்யலாம் என்றேன். "அப்ப நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அதன்பின் எழுந்து புத்தாடை உடுத்திக்கொண்டாள். இரண்டு தோசை சாப்பிட்டாள். மூன்றாவது தோசைக்குக் காத்திருந்தபோது, "அப்பாகிட்டயும் இதையே கேப்பேன். ரெண்டு பேரும் ஒரே பதில் சொல்றீங்களான்னு பாக்கணும்" என்றாள்.

எனவே காரில் கேட்பாள். எந்த வயதைச் சொன்னாலும் தயங்காமல், அதே விடையைச் சொல்லுங்கள். ஒரு நொடி நிறுத்தினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

புனிதா


கிள்ளான்
24 நவம்பர் 2024

புனிதா,

கேட்டாள்.

கடிதத்தைக் கார் நிறுத்துமிடத்தில் படித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். ஃபெடரல் நெடுஞ்சாலை ஏறியதும் ஆரம்பித்தாள். எட்டு, ஒன்பது, பத்து. நான் கண்ணாடியைப் பார்க்காமல் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பயங்கர ஜாம். சுபாங் ஜெயா தாண்டும்போது பதினாறு. பதினெட்டில், "அப்ப நீயே முடிவு பண்ணலாம்" என்றேன். "கரெக்ட்" என்றாள். வாத்தியார் மாதிரி.

அங்கே நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. "பத்தொம்பது ஆனா வரலாமா?" என்றாள். "வரலாம்" என்றேன். "இருவது?" "வரலாம்." ஷா ஆலம் முழுக்க அப்படியே போனது. முப்பத்தெட்டு வந்ததும், "அது என் வயசும்மா" என்றேன். "அப்ப நீங்களும் உங்க அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கலாமா?" என்று கேட்டாள். ஆத்தா செத்துப் பத்து வருஷமாகிறது. "இருந்திருந்தா போகலாம்" என்றேன். அதற்கு அவள் கொஞ்ச நேரம் என் தோளில் கை வைத்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டிலிருந்து கையை நீட்டி.

அப்புறம் நாற்பது என்றாள், நாற்பத்தொன்று என்றாள். குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. நாற்பத்தாறுக்கு நான் "வரலாம்" என்றபோது அடுத்த கேள்வி வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஏசியை அணைக்காமல், அவள் தானாக விழிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அக்கா வெளியே வந்து என்னவென்று கையாலேயே கேட்டாள். ஒன்றுமில்லை என்று கையாலேயே சொன்னேன்.

நாளைக் காலை பள்ளிக்கு நேரமாகிவிடாமல் இன்று மாலையே கொண்டுவந்து விடுகிறேன்.

கமலநாதன்